கடலைக்குக் களைக்கொல்லி: லிட்டர் விலையா, ஏக்கர் செலவா?

கேள்வி: இறவையில் ஒரு ஏக்கர் நிலக்கடலை போடுகிறேன். கடையில் பென்டிமெத்தலின் 30 இ.சி., 38.7 சி.எஸ். என்று இரண்டு இருக்கின்றன. இரண்டாவதற்கு லிட்டர் விலை அதிகம். எதை வாங்கலாம்? போன தடவை 30 இ.சி. அடித்தும் கோரை அப்படியே வந்தது. அது போலி மருந்தா?

பதில்: கோரை வந்ததை வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. பென்டிமெத்தலின் முளைவிடும் விதையின் வேரையும் குருத்தையும் வளரவிடாமல் தடுக்கும் மருந்து. சாரணை, குப்பைக்கீரை, புல் வகைகள் விதையிலிருந்து வருவதால் அடங்கும். கோரை கிழங்கிலிருந்து கிளம்புவது. அதற்கு இது கேட்காது. கோடை உழவில் கிழங்கைப் புரட்டிக் காயவிட்டுப் பொறுக்குவதுதான் வழி. அடிக்கும்போதே தலைகாட்டிவிட்ட களையும் சாகாது.

இனி விலை. 30, 38.7 என்பவை மருந்தின் சதவீதம்; இ.சி. என்பது தண்ணீரில் பால்போல் கலையும் கரைசல், சி.எஸ். என்பது மருந்தை நுண்ணிய உறைக்குள் அடைத்த வடிவம். லிட்டருக்கு லிட்டர் ஒப்பிடாதீர்கள். 30 இ.சி. ஏக்கருக்கு 1.3 லிட்டர் வேண்டும். 38.7 சி.எஸ். பொதுவாக 700 மி.லி. போதும், உறைக்குள் இருப்பதால் மருந்து வெயிலிலும் ஆவியாகியும் வீணாவது குறைவு. ஏக்கர் செலவைக் கணக்கிட்டால் வித்தியாசம் பெரும்பாலும் சுருங்கிவிடும். சி.எஸ். வாங்கினால் லேபிளில் நிலக்கடலை பெயரும் அளவும் இருக்கின்றனவா என்று பாருங்கள். மருந்து அடித்ததும் தண்ணீர் கட்ட முடிகிறவருக்கு 30 இ.சி.யே போதும் என்பது என் கருத்து.

“இதுவும் முளைக்குமுன் அடிப்பதுதான்” என்று அட்ரசின் என்ற வேறு களைக்கொல்லியைக் கொடுத்தால் வாங்கவே வாங்காதீர்கள். அது மக்காச்சோளத்துக்கு, கடலை கருகிப்போகும். அட்ரசின் அடித்த டேங்கையும் நன்றாகக் கழுவாமல் எடுக்க வேண்டாம்.

விதைத்த மூன்றாம் நாள், மண்ணில் ஈரம் இருக்கும்போது, 200 லிட்டர் தண்ணீரில் கலந்து அடியுங்கள். 10 லிட்டர் டேங்க் என்றால் 20 டேங்க், 30 இ.சி. டேங்குக்கு 65 மி.லி. பலர் தவறுவது இங்கேதான்: 65 மி.லி. என்ற கணக்கை வைத்துக்கொண்டு 10 டேங்கிலேயே ஏக்கரை முடித்துவிடுவார்கள். பாதி மருந்துதான் விழுந்திருக்கும். களை வந்ததும் பழி மருந்தின் மேல் போகும். முதலில் வெறும் தண்ணீரை அடித்து, ஒரு டேங்க் எத்தனை சென்ட் வருகிறது என்று அளந்துகொள்ளுங்கள். 5 சென்ட் வந்தால் கணக்குச் சரி.

தட்டை விசிறி நாசில் போடுங்கள். அடித்த இடத்தை மிதிக்காமல் பின்னோக்கி நடங்கள்; மேல்மண்ணில் படிந்த படலம் கலைந்தால் அந்தத் தடத்தில் களை முளைக்கும். கட்டி உடையாத நிலத்திலும் இதே கதைதான். அடித்தபின் உயிர்த் தண்ணீர் (விதைத்தபின் முளைப்புக்காகக் கட்டும் தண்ணீர்) கட்டிவிடுங்கள்.

35–40 நாளில் ஒரு கைக்களை கட்டாயம் எடுக்க வேண்டும். பூவிலிருந்து காய் பிடிக்கும் விழுது மண்ணில் இறங்கியபின் மண்ணைக் கிளறக் கூடாது.

வாங்கும்போது தொகுதி எண், காலாவதி தேதி இரண்டும் பில்லில் ஏறட்டும். ஏக்கருக்குத் தேவையானது போக மிச்சம் வேண்டாமென்று பெரிய கேனிலிருந்து ஊற்றித் தந்தால் வாங்காதீர்கள். சீல் உள்ள பாட்டிலாகவே கேளுங்கள்.