பின்னால் வரும் வண்டி

அன்புள்ள ஆசிரியருக்கு,

1965-ஆம் ஆண்டின் எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை நான்கு ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். இதுவரை தனியாகவே ஓட்டியிருக்கிறேன். நண்பர்கள் பதினொரு பேர் தத்தம் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் இத்தாலியின் ஆல்ப்ஸ் மலையிலுள்ள ஸ்டெல்வியோ கணவாய் வழியாக மூன்று நாள் பயணம் போகிறார்கள், என்னையும் அழைத்திருக்கிறார்கள். சிலருடைய கார்கள் என்னுடையதைப் போல் இருமடங்கு ஆற்றல் உள்ளவை. என் கார் மலையேறுமா, நான் அவர்களுக்குப் பாரமாகிவிடுவேனா என்ற தயக்கம் இருக்கிறது. அழகான சாலையைக் காண்பதுதான் நோக்கமென்றால் தனியே போவது நல்லதல்லவா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் அவசியம் போக வேண்டும். ஏற்றத்தைப் பற்றிய உங்கள் அச்சம் தேவைக்கு மிகுதியானது. ஸ்டெல்வியோவின் உச்சி ஏறத்தாழ 2,757 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்குதான். காற்று குறையும்போது, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் அதற்கேற்பப் பெட்ரோலைக் குறைக்காது என்பதால் கலவையில் பெட்ரோல் மிகுந்து, இஞ்சின் மூச்சு வாங்குவதுபோல் தோன்றும். அது கோளாறு அல்ல. கார்புரேட்டர் உள்ள வண்டி எதுவாயினும், எவ்வளவு ஆற்றல் மிக்கதாயினும், ஏறக்குறைய அதே விகிதத்தில்தான் தளரும்.

கவனிக்க வேண்டியது உங்கள் முதல் கியர். அந்த ஆண்டின் எம்ஜிபியில் அதற்கு, ஓடும்போதே கியர் உரசாமல் விழ உதவும் சின்க்ரோமெஷ் அமைப்பு கிடையாது; கொண்டை ஊசி வளைவின் நடுவே முன்னால் போகிறவர் தயங்கி நின்றால், ஓடும் வண்டியில் முதல் கியரைப் போட முடியாமல் தடுமாறுவீர்கள். ஆகவே முன் வண்டி வளைவைக் கடந்து மேலேறும் வரை கீழேயே காத்திருந்து, இரண்டாவது கியரில் ஒரே மூச்சில் ஏறுங்கள்.

எனக்குக் கவலை தருவது இறக்கம்தான். பிரேக் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். பிரேக் திரவங்களுக்கான டாட் 4 தரத்தின்படி புதிய திரவம் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது, ஏறத்தாழ 3.7 விழுக்காடு நீர் சேர்ந்துவிட்டால், அதே தரம் 155 டிகிரியையே போதுமென ஏற்றுக்கொள்கிறது. வளைவுக்கு வளைவு மிதித்துக்கொண்டே இறங்கினால் அந்த வெப்பம் வெகுதொலைவில் இல்லை. திரவம் கொதித்து ஆவியானால் மிதி தரைவரை போகும், வண்டி நிற்காது. புறப்படும் முன் திரவத்தை மாற்றுங்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள்; இஞ்சினே வேகத்தைத் தடுக்கும். உச்சியில் நிறுத்தும்போது பானெட்டைத் திறந்து வையுங்கள். எம்ஜிபியின் கார்புரேட்டர்கள் எக்ஸாஸ்ட் குழாய்க்கு மேலேயே இருப்பதால், இஞ்சினை அணைத்த பிறகு மேலெழும் சூட்டில் பெட்ரோல் கொதித்து, மீண்டும் கிளப்புவது சிரமமாகும்.

பாரமாகிவிடுவேனோ என்று கேட்டிருந்தீர்கள். பன்னிரண்டு வண்டிகள் ஒரே சரமாகப் போகக் கூடாது. நான்கு நான்காகப் பிரிந்து, சில நிமிட இடைவெளியில் செல்வதே முறை. ஒவ்வொரு குழுவிலும் வேகம் குறைந்த வண்டி தலைவருக்கு அடுத்ததாக வர வேண்டும், ஏனெனில் கடைசியில் விடப்பட்டவர்தான் எட்டிப்பிடிக்கும் பதற்றத்தில் தன் எல்லையை மீறுகிறார். இந்த இடத்தை நீங்களே கேட்டு வாங்குங்கள். அதில் வெட்கம் எதுவுமில்லை. இன்னொரு விதி எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமானது: ஒவ்வொருவரும் தமக்குப் பின்னால் வருபவருக்குப் பொறுப்பு. சாலை பிரியும் இடத்தில், பின்வண்டி கண்ணில் படும் வரை நகரக் கூடாது. பல ஆண்டுகளுக்கு முன் நான் அப்படி நிற்காமல் திரும்பிவிட்டேன். பின்னால் வந்த நண்பர் தவறான பாதையில் போய், விசிறிப் பட்டை அறுந்து, மழையில் இரண்டு மணி நேரம் நின்றார். மாற்றுப் பட்டை என் வண்டியில் இருந்தது. அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.

வேகம்தான் இந்தக் கார்களின் பெருமை என்று யாரேனும் வாதிட்டால், மில்லே மில்யாவை நினைவூட்டுங்கள். 1927-இல் தொடங்கிய அந்தச் சாலைப் பந்தயம், பார்வையாளர்களும் உயிரிழந்த 1957-ஆம் ஆண்டு விபத்தோடு முடிந்தது. 1977 முதல் அது பழைய கார்களுக்கான ஓட்டமாக நடக்கிறது; குறித்த தொலைவைக் குறித்த நேரத்தில் கடப்பவரே அதில் வெல்கிறார், முந்திப் போகிறவர் அல்லர்.

தனியே போனால் மலையைக் காண்பீர்கள், மறுக்கவில்லை. ஆனால் ஓட்டுபவருக்குத் தன் கார் சாலையில் எப்படித் தெரிகிறது என்பது ஒருபோதும் தெரியாது. பிராட் ஊரிலிருந்து ஏறும் பக்கத்தில் 48 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. கீழிருந்து மேலாக எண்கள் குறைந்து, உச்சியை ஒட்டியது ஒன்றாம் வளைவு. அதைக் கடந்ததும் ஓரமாக நிறுத்தி இறங்கி, எட்டிப் பாருங்கள். உங்களோடு காலையில் கிளம்பியவர்கள் ஆறேழு வளைவுகள் கீழே, சிறு வண்ணப் புள்ளிகளாக ஏறி வருவார்கள். கண்ணுக்குத் தெளிவாகும் முன்பே, எந்த இஞ்சின் யாருடையது என்று காது சொல்லிவிடும்.

அன்புடன்,
ஆசிரியர்