முழங்கால் வலியோடு ஹஜ்ஜுக்குப் போகிறேன்

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். எனக்கு 62 வயது. கணவர் மவுத்தாகி (இறந்து) மூன்று வருடம் ஆகிறது. அல்லாஹ்வின் கிருபையால் இந்த முறை என் தம்பியோடு ஹஜ்ஜுக்குப் பெயர் வந்திருக்கிறது. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது. அரை மணி நேரம் நடந்தாலே வீங்கிவிடும். ஏற்கெனவே போய் வந்த என் மச்சி, “வீல்சேர்ல உட்கார்ந்து சுத்துனா அது என்ன ஹஜ்ஜு?” என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. நான் எப்படித் தயாராவது?
– ஒரு சகோதரி, கீழக்கரை

பதில்: வஅலைக்குமுஸ்ஸலாம் சகோதரி. உங்கள் மச்சி கேட்ட கேள்விக்கு நபி (ஸல்) அவர்களின் துணைவி அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் என்றைக்கோ பதில் வாங்கித் தந்துவிட்டார்கள். தமக்கு உடம்பு முடியவில்லை என்று நபி (ஸல்) அவர்களிடம் அவர்கள் முறையிட்டபோது, வாகனத்தில் ஏறி மக்களுக்குப் பின்னால் தவாஃப் (கஅபாவைச் சுற்றி வருதல்) செய்துகொள்ளும்படி நபியவர்கள் சொன்னார்கள். உம்மு ஸலமா அவர்களும் அப்படியே சுற்றினார்கள். அந்நேரம் நபியவர்கள் கஅபாவின் ஓரத்தில் நின்று குர்ஆனின் தூர் சூராவை ஓதித் தொழுதுகொண்டிருந்ததையும் உம்மு ஸலமா அவர்களே சொல்லியிருக்கிறார்கள். நடக்கத் தெம்புள்ளவர் நடப்பதுதான் முறை. முடியாதவருக்கு மார்க்கமே தந்த சலுகையை மறுக்க நம்மில் யாருக்கும் உரிமை கிடையாது. நிம்மதியாகத் தூங்குங்கள்.

உங்கள் முழங்காலைவிட எனக்கு வேறொரு கவலை இருக்கிறது. நம் பெண்கள் மக்காவில் இறங்கி முதல் உம்ராவை (சிறிய ஹஜ்) முடித்ததும் சும்மா இருப்பதில்லை. தன்ஈமில் உள்ள ஆயிஷா பள்ளிவாசலுக்குப் போய் மறுபடி இஹ்ராம் கட்டி (உம்ராவுக்கான புனித நிலைக்குள் நுழைந்து), வாப்பாவுக்கு ஒன்று, உம்மாவுக்கு ஒன்று, மவுத்தான ஒவ்வொருவருக்கும் ஒன்று என்று உம்ரா செய்துகொண்டே இருப்பார்கள். ஒவ்வோர் உம்ராவிலும் ஸஃபா, மர்வா என்ற இரு குன்றுகளுக்கு நடுவே ஏழு நடை உண்டு; ஒரு நடை ஏறக்குறைய 450 மீட்டர். ஏழு நடைக்கு 3 கிலோமீட்டருக்கு மேல் வந்துவிடும், அதுவும் கல் தரையில். தவாஃபின் ஏழு சுற்று தனி. நான் போயிருந்தபோது எங்கள் அறையில் இருந்த ஒரு பெரியம்மா பத்து நாளில் ஆறு உம்ரா செய்தார். ஹஜ்ஜு தொடங்கும் துல்ஹஜ் பிறை 8 அன்று, ஹாஜிகள் தங்கும் மினா கூடாரத்தில் காய்ச்சலோடு சுருண்டு கிடந்தார். மறுநாள் அரஃபா மைதானத்தில் துஆவுக்கு (இறைவேண்டலுக்கு) கை தூக்கக்கூட அவருக்குத் தெம்பில்லை. அந்த முகம் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. ‘ஹஜ் என்பதே அரஃபாதான்’ என்பது நபிமொழி. உங்கள் கணவருக்காக உம்ரா செய்ய மனசு துடிக்கும், எனக்குத் தெரியும். அதை ஹஜ்ஜு முடிந்து உடம்பு ஒத்துழைத்தால் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் ஒன்றுகூட வேண்டாம். காலைச் சேமித்து வையுங்கள்.

வீல்சேர் இருக்கிறதே என்று நடப்பதை விட்டுவிடாதீர்கள். எல்லா இடத்துக்கும் அது வராது. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, விடியற்காலை சுப்ஹு தொழுததும் கால் மணி நேர நடையில் தொடங்கி, வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள். அங்கே போடப்போகும் செருப்பைப் போட்டே நடங்கள். புதுச் செருப்பு காலைக் கடித்துவிடும். தவாஃபுக்குக் கெட்டியான காலுறை வாங்கிக்கொள்ளுங்கள். இஹ்ராமில் பெண்களுக்குக் காலுறை கூடும். கையுறையும் முகத்திரையும்தான் கூடாது.

மினாவில் படுக்கை தரையை ஒட்டியே இருக்கும். யாரும் கை கொடுக்காமல் தரையிலிருந்து எழ இப்போதே பழகுங்கள். கழிப்பறையும் பெரும்பாலும் குந்தி உட்காருவதுதான். உங்கள் காலுக்கு அது ஆகாது. மடக்கி எடுத்துப்போகிற கமோடு நாற்காலி கடைகளில் கிடைக்கிறது, வெட்கப்படாமல் வாங்கிவிடுங்கள். அங்குள்ள வரிசைக்குப் பயந்துகொண்டே நம் பெண்கள் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். 2024 ஹஜ்ஜின்போது மக்காவில் வெயில் 51.8 டிகிரி வரை போனது. 1,300 பேருக்கு மேல் மவுத்தானார்கள். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் குடியுங்கள், குடை கையிலேயே இருக்கட்டும். மூளைக்காய்ச்சல் தடுப்பூசி எப்படியும் போடச் சொல்வார்கள். மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு இரண்டு பையில் பிரித்து வையுங்கள்.

அரஃபாவிலிருந்து திரும்பும் வழியில் முஸ்தலிஃபாவில் வெட்டவெளியில் இரவு. அங்கே நபியவர்களின் இன்னொரு துணைவி அன்னை ஸவ்தா (ரலி) அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். கனத்த உடம்பு, மெதுவான நடை. கூட்டம் நெருக்குவதற்கு முன்பே கிளம்ப நபியவர்களிடம் அனுமதி கேட்டார்கள், கிடைத்தது. நானும் கேட்டிருக்கலாமே என்று அன்னை ஆயிஷா (ரலி) பின்னால் ஆசைப்பட்டார்கள். நீங்களும் நள்ளிரவு கழிந்ததும் கிளம்பலாமா என்று குழுவின் ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஜம்ராக்களில் (ஷைத்தானைக் குறிக்கும் தூண்களில்) எறிய கொண்டைக்கடலை அளவில் 49 கல் போதும், கைக்காவலாகச் சில சேர்த்துப் பொறுக்கி ஒரு சுருக்குப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஜம்ரா வரை போகவே முடியாத நிலை வந்தால் தம்பி தன் கல்லை முதலில் எறிந்துவிட்டு உங்களுக்காகவும் எறியலாம்.

ஆலிமிடம் கேட்க இன்னொன்றும் உண்டு. உங்கள் ஊரில் பெரும்பாலும் ஷாஃபி மத்ஹபு (மார்க்கச் சட்டப் பிரிவு). அந்நிய ஆண் மேனி பட்டால் ஒளு (தொழுகைக்கும் தவாஃபுக்கும் செய்யும் அங்கசுத்தி) முறியும் என்பது அதன் சட்டம். தவாஃப் நெரிசலில் படாமல் இருக்க முடியாது. இந்த விஷயத்தில், முறியாது என்று சொல்லும் ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றுவது எப்படி என்று ஊரிலேயே தெளிவாகக் கேட்டுக்கொண்டு போங்கள். இது தெரியாமல் மூன்றாவது சுற்றில் அழுதுகொண்டு வெளியே வந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

வீல்சேர் தள்ளக் கூலிக்கு ஆள் கிடைப்பார்கள். ஆனாலும் தம்பியிடம் இப்போதே பேசிவிடுங்கள். உங்களைத் தள்ளிக்கொண்டே அவர் தன் தவாஃபுக்கும் நிய்யத் (மனதில் எண்ணம்) வைத்துக்கொண்டால், அதே ஏழு சுற்றில் அக்காவுடையதும் தம்பியுடையதும் சேர்ந்தே நிறைவேறிவிடும்.