ஐந்து முறையும் சரியாகச் சொன்னாரே, ரீச்சர்?

திருகோணமலையில் முப்பது வருடம் கணிதம் படிப்பித்தவள் நான். போனில் வருகிற கதைகளைப் பற்றி இந்த வாரம் நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில் இது.

ஒரு நாளைக்கு 10,000 அடி நடந்தால்தான் பலனாம். டச்பே கடற்கரையில் 6,000 தாண்டவே முழங்கால் நோகிறது. நடப்பது வீணா? (உவர்மலையிலிருந்து ஓர் அக்கா)

வீணே இல்லை அக்கா. 1965இல், டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த அடுத்த வருடம், ஜப்பானில் ஒரு கம்பனி அடி எண்ணும் கருவி விற்றது. பெயர் 'மன்போ-கெய்', அதாவது பத்தாயிரம் அடி மானி. விற்கவைத்த பெயர் விதியாகிவிட்டது. 2019இல் அமெரிக்காவில் வயதான பெண்களிடம் செய்த ஆய்வு ஒன்று வெளிவந்தது. அதில் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்புக் குறைவு. 7,500க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. மணலை விட்டுத் தெருவில் நடந்து பாருங்கள். நோவு நிற்காவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

டெலிகிராமில் ஒருவர் ஐந்து கிரிக்கெட் மட்ச் முடிவையும் முதலே சரியாகச் சொன்னார். ஆறாவதுக்கு 5,000 ரூபாய் கேட்கிறார். கட்டலாமா, ரீச்சர்?

வேண்டாம் தம்பி. ஒரு கொப்பி எடுங்கள். ஒருவர் 1,024 பேருக்குச் செய்தி அனுப்புகிறார் என்று வையுங்கள். பாதிப்பேருக்கு இந்த அணி வெல்லும், மற்றப் பாதிக்கு அந்த அணி வெல்லும். மட்ச் முடிந்ததும், பிழையான செய்தி போன 512 பேரை அப்படியே விட்டுவிடுகிறார். மிச்சப்பேரை மறுபடி இரண்டாகப் பிரிக்கிறார். 256, 128, 64, 32. ஐந்தாவது மட்ச் முடிய, 32 பேர் போனைப் பார்த்து வாயடைத்து நிற்பார்கள். கிரிக்கெட்டே தெரியாத ஆளும் இதைச் செய்யலாம். 32 பேரும் கட்டினால் 160,000 ரூபாய். விடுபட்ட 992 பேரை நீங்கள் ஒருநாளும் சந்திக்கப்போவதில்லை, அதில்தான் எல்லாம் இருக்கிறது.

உங்களுக்குச் சொன்னவரும் இதைத்தான் செய்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஐந்து சரி என்பதை வைத்து ஒன்றும் முடிவு கட்ட முடியாது. எத்தனை பேருக்கு என்ன சொன்னார், அத்தனையும் காட்டட்டும். பங்குச் சந்தை லாபத்தைப் படம் பிடித்துப் போடுகிறவர்களிடமும் இதையே கேளுங்கள்.

மாதம் 10 வீத லாபம் தருகிறார்களாம். நகையை அடகு வைத்துப் போடலாமா? (நிலாவெளியிலிருந்து ஒரு தங்கச்சி)

பெருக்கிப் பாருங்கள். ஒரு லட்சத்தை எடுக்காமல் விட்டால் ஐந்து வருடத்தில் மூன்று கோடி. அப்படி ஒரு வியாபாரம் கையில் இருப்பவர் உங்கள் நகைக் காசைத் தேடி வருவாரா? என் உறவினர் ஒருவர் இப்படிப் போட்டார். அவருடைய கொப்பியில் மூன்று மாத வரவு பச்சை மையில் இருக்கிறது. நாலாவது வரியில் திகதி மட்டும். வந்த அந்த மூன்றும் பின்னால் சேர்ந்தவர்களின் காசு. ஆள் சேர்த்து ஓடுகிற பிரமிட் திட்டம் இங்கே வங்கிச் சட்டப்படி குற்றம். வைப்பு வாங்க அனுமதியுள்ள நிறுவனங்களின் பட்டியல் மத்திய வங்கியிடம் இருக்கிறது. நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.

வயிற்றுப் பயிற்சியால் தொப்பை மட்டும் கரையுமா?

கரையாது. தசை பலப்படும், அவ்வளவுதான்.

வருகிற ஞாயிறு சுனாமி வரும் என்று ஒரு குரல் பதிவு வந்தது. அம்மா நித்திரை கொள்கிறா இல்லை.

2004ஐப் பார்த்த ஊர், அம்மா பயப்படுவது நியாயம்தான். ஆனால் நிலநடுக்கத்தின் திகதியை முன்கூட்டிச் சொல்ல உலகில் எவராலும் முடியாது. நடுக்கம் வந்த பிறகுதான் எச்சரிக்கை வரும். அன்றைக்குச் சுமத்ராவிலிருந்து அலை வரச் சுமார் இரண்டு மணித்தியாலம் எடுத்தது. சந்தேகம் என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117இல் எடுங்கள். கடல் திடீரென்று உள்வாங்கினால் யாரையும் கேட்டு நிற்காமல் மேட்டுக்கு ஓடுங்கள். இதை அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்டுங்கள்.