இலங்கைப் பட்டைக்கு வரி இல்லையாமே?

கேள்வி: விருதுநகரில் மளிகைச் சாமான் மொத்த வியாபாரம் செய்கிறேன். இலங்கையிலிருந்து பட்டை, மிளகு வரவழைத்தால் சுங்க வரியே கிடையாது என்று சொல்கிறார்கள். மாத்தறையில் உள்ள ஒரு ஏற்றுமதியாளர் விலையும் அனுப்பியிருக்கிறார். கொஞ்சமாக வாங்கினால் நாகப்பட்டினம் கப்பலில் போய் நாமே எடுத்துவரலாமா? இரண்டு நாட்டு உறவு இப்போது நன்றாக இருக்கிறது, புது ஒப்பந்தம் வரப்போகிறது என்றும் செய்தி பார்த்தேன். அதுவரை பொறுத்திருப்பது நல்லதா?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். பொறுத்திருக்க வேண்டாம். நீங்கள் எதிர்பார்க்கிற சலுகை கையில் வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது.

இந்தியாவும் இலங்கையும் தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது 1998 டிசம்பரில். நடைமுறைக்கு வந்தது 2000 மார்ச் 1 அன்று. விலக்குப் பட்டியலில் வைத்த பொருள்கள் போக மற்றவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இந்தியா படிப்படியாக வரியைக் குறைத்து 2003-இல் பூஜ்யமாக்கிவிட்டது. பட்டை அதில் வந்துவிட்டது. நீங்கள் செய்தியில் பார்த்த புது ஒப்பந்தம், சேவைகளையும் முதலீட்டையும் சேர்த்துப் பேசுகிற பொருளாதார, தொழில்நுட்ப ஒத்துழைப்பு ஒப்பந்தம். 2016-இல் பேச ஆரம்பித்தார்கள், நடுவில் நின்றது, 2023-இல் மறுபடி தொடங்கினார்கள். 2024 டிசம்பரில் அதிபர் அநுர குமார திசாநாயக்க டெல்லி வந்தபோதும் ‘பேச்சு தொடரும்’ என்றுதான் சொன்னார்கள். அதற்கு முந்தைய கதை இன்னும் சுவாரசியம். 2008-இல் கையெழுத்தாக வேண்டிய விரிவான ஒப்பந்தம் ஒன்று கடைசி நேரத்தில் கொழும்பில் எழுந்த எதிர்ப்பால் நின்றே போனது. ஆகவே தலைவர்கள் கைகுலுக்கும் படத்தைப் பார்த்து ஆர்டரைத் தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம் அந்த ‘வரியே கிடையாது’. பாதி உண்மை.

பத்து லட்சம் ரூபாய் மதிப்புள்ள பட்டை தூத்துக்குடியில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். சலுகை கேட்காமல் இறக்கினால் அடிப்படைச் சுங்க வரி 30 சதவீதம், அதாவது 3 லட்சம். அந்த வரியின் மேல் 10 சதவீதம் சமூக நலக் கூடுதல் வரி, 30 ஆயிரம். இரண்டையும் மதிப்போடு சேர்த்து வருகிற 13 லட்சத்து 30 ஆயிரத்தின் மேல் 5 சதவீதம் ஐ.ஜி.எஸ்.டி. (இறக்குமதிக்குக் கட்டுகிற ஜி.எஸ்.டி.), 66,500. மொத்தம் 3,96,500 ரூபாய். இலங்கைச் சான்றிதழோடு இறக்கினால் முதல் இரண்டும் போய்விடும். ஐ.ஜி.எஸ்.டி. போகாது. பத்து லட்சத்துக்கு 50 ஆயிரம் கட்டியே ஆக வேண்டும். விற்கும்போது அதை வரவு எடுத்துக்கொள்ளலாம் என்றாலும், சரக்கை வெளியே எடுக்கிற அன்று பணம் கையில் இருக்க வேண்டும். ‘வரி இல்லை’ என்று நம்பிப் போய், அந்த ஐம்பதாயிரத்துக்காக வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் சுற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். வரி விகிதங்கள் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறக்கூடியவை. ஆர்டர் கொடுக்கும் முன் உங்கள் கஸ்டம்ஸ் புரோக்கரிடம் அன்றைய விகிதத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தச் சலுகைக்குச் சாவி, இலங்கை வணிகத் திணைக்களம் கொடுக்கிற தோற்றச் சான்றிதழ். ‘இந்தப் பொருள் இலங்கையில் விளைந்தது’ என்று அந்த அரசு சொல்கிற காகிதம். விளைபொருளுக்கு விதி எளிது. மரம் இலங்கை மண்ணில் நின்றால், பட்டை அங்கேயே உரிக்கப்பட்டால், முழுக்க இலங்கைப் பொருள். வெளிநாட்டு மூலப்பொருள் கலந்த பண்டம் என்றால்தான் இலங்கையில் குறைந்தது 35 சதவீத மதிப்புக் கூட்டல் இருக்க வேண்டும் என்கிற கணக்கெல்லாம் வரும்.

ஆனால் இந்தக் காகிதம் கையில் இருந்தால் போதும் என்கிற காலம் 2020-ஓடு முடிந்தது. அந்த வருடம் சுங்கச் சட்டத்தில் 28டி.ஏ. என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். அதன் விதிகள் செப்டம்பர் 21 முதல் அமலுக்கு வந்தன. வியாபாரிகள் பேச்சில் அதன் பெயர் ‘கரோட்டார்’. அது சொல்வது இதுதான்: சலுகை கேட்பவர் இறக்குமதியாளர், ஆகவே பொருள் எங்கே விளைந்தது, எப்படித் தயாரானது என்பது இறக்குமதியாளருக்கே தெரிந்திருக்க வேண்டும். ‘ஏற்றுமதியாளர் சான்றிதழ் கொடுத்தார், நான் கொண்டுவந்தேன்’ என்பது பதிலாகாது. அந்த விவரங்களைப் படிவம் ஒன்றில் நிரப்பி வைத்திருக்க வேண்டும். அதிகாரி கேட்டால் பத்து வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும். ஆவணங்களை ஐந்து வருடம் பத்திரப்படுத்த வேண்டும். சந்தேகம் தீரவில்லை என்றால் அவர்கள் கொழும்புக்கு எழுதிக் கேட்பார்கள். பதில் வரும்வரை, வரி வித்தியாசத்துக்கு நீங்கள் பிணை கட்டித்தான் சரக்கை எடுக்க முடியும்.

நட்பு நாட்டிலிருந்து வருகிற பட்டை மேல் ஏன் இவ்வளவு சந்தேகம்? ஒப்பந்தம் வந்த முதல் சில வருடங்களிலேயே சூடு பட்டிருக்கிறது. அப்போது இந்தியாவில் சமையல் எண்ணெய்க்கு வரி அதிகம், இலங்கையில் குறைவு. நம்மூர்த் தொழிலதிபர்களே அங்கே போய் ஆலை போட்டு, மலேசியா பக்கத்துப் பாமாயிலை இறக்கி, வனஸ்பதியாக மாற்றி, வரியில்லாமல் இந்தியாவுக்கு அனுப்பினார்கள். செம்பும் அப்படித்தான் வந்தது. இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு வந்த ஏற்றுமதியில் ஒரு காலத்தில் பெரும்பங்கு இந்த இரண்டும்தான். கடைசியில் வனஸ்பதிக்கு வருடத்துக்கு 2.5 லட்சம் டன் என்று உச்சவரம்பு போட்டார்கள்.

அடுத்த சூடு மிளகில். உங்கள் பட்டியலில் மிளகும் இருப்பதால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். மிளகுக்கு நம் நாட்டில் பொதுவான சுங்க வரி 70 சதவீதம். ஒப்பந்தத்தின்படி இலங்கை மிளகு வருடத்துக்கு 2,500 டன் வரை வரியின்றி வரலாம், அதைத் தாண்டினால் சார்க் நாடுகளுக்கான சாஃப்டா ஒப்பந்தத்தில் 8 சதவீதம். எழுபதுக்கும் எட்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி போதாதா? வியட்நாம் மிளகு கொழும்பில் இறங்கி, இலங்கை மிளகாகி, இந்தியாவுக்கு வருகிறது என்று கேரளத்திலும் குடகிலும் மிளகு விவசாயிகள் கொதித்தார்கள். 2017 டிசம்பரில் மத்திய அரசு கிலோவுக்கு 500 ரூபாய் குறைந்தபட்ச இறக்குமதி விலை என்று அறிவித்தது. அதற்குக் கீழே எந்த நாட்டு மிளகும் சாதாரண இறக்குமதியாக உள்ளே வரக்கூடாது. சந்தை விலை அதற்கு மேலே ஏறி நிற்கும்போது இந்தத் தடை உறைக்காது, இறங்கினால் மொத்தச் சரக்கும் மாட்டிக்கொள்ளும். முதல் தடவை இறக்குமதி செய்பவர் மிளகில் கை வைக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பட்டையில் ஆரம்பியுங்கள்.

இங்கே பலர் தவறுகிற ஓர் இடம் உண்டு. கொழும்பில் ஏற்றிய சரக்கு எல்லாம் இலங்கைச் சரக்கு அல்ல. கொழும்பு பெரிய இடமாற்றத் துறைமுகம். பெரிய கப்பல் கொண்டுவருகிற பெட்டிகளை அங்கே இறக்கிச் சின்னக் கப்பலில் தூத்துக்குடிக்கும் கொச்சிக்கும் அனுப்புவது அதன் அன்றாட வேலை. வியட்நாம் பட்டையும் அந்த வழியில் வரலாம். கப்பல் ரசீதில் ‘கொழும்பு’ என்று இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

பட்டையை நீங்களே கண்ணால் பிரித்துவிடலாம். அங்கே தமிழர்கள் கறுவா என்று சொல்வது நிஜ இலங்கைப் பட்டை. மேல்தோலைச் சுரண்டி எடுத்துவிட்டு, பித்தளைத் தடியால் தேய்த்து இளக்கி, உள்பட்டையை மெல்லிய ஏடாக உரிக்கிறார்கள். பெரிய ஏட்டுக்குள் சின்ன ஏடுகளைத் திணித்துச் சுருட்டி, நிழலில் கயிற்றின் மேல் பரப்பிக் காயவைக்கிறார்கள். குறுக்கே உடைத்துப் பார்த்தால் சுருட்டு மாதிரி பல அடுக்கு தெரியும், விரலாலேயே நொறுங்கும், வெளிர் பழுப்பாக இருக்கும். நம் கடைகளில் ‘பட்டை’ என்று விற்பதில் பெரும்பாலானது காசியா. தடித்த ஒற்றை ஓடு, கருஞ்சிவப்பு, உடைக்கச் சுத்தியல் வேண்டும் போலிருக்கும். சுங்கக் குறியீட்டிலும் இரண்டும் தனி: நிஜப் பட்டை 0906 11, காசியா முதலான மற்றவை 0906 19, இடித்தது அல்லது தூளாக்கியது 0906 20. சான்றிதழில் ஒரு எண், இன்வாய்ஸில் வேறு எண் என்று வந்தால் வம்பு. எனக்குத் தெரிந்த ஒருவருக்குச் சான்றிதழில் தூளுக்கான எண்ணை அடித்துவிட்டார்கள், மூட்டையில் இருந்ததோ முழுச் சுருள். திருத்திய சான்றிதழ் வந்து சேர்வதற்குள், வரியில் மிச்சம் பிடித்ததில் ஒரு நல்ல பங்கு துறைமுக வாடகைக்குப் போனது. அசல் கிளம்பும் முன் நகலை வாட்ஸ்அப்பில் வாங்கி, எண், எடை, மூட்டைக் கணக்கு மூன்றையும் இன்வாய்ஸோடு ஒத்துப் பாருங்கள்.

மற்ற ஏற்பாடுகள் எந்த உணவுப் பொருளுக்கும் உள்ளவைதான். ஐ.இ.சி. என்கிற இறக்குமதி-ஏற்றுமதியாளர் எண், உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.-யின் மத்திய உரிமம், இலங்கை தருகிற தாவர நலச் சான்று. கூடுதலாக ஒன்று: பூச்சிக்கும் பூஞ்சைக்கும் பயந்து அங்கே பட்டைக்குக் கந்தகப் புகை போடுகிற பழக்கம் உண்டு. எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதற்கு ஆய்வு அறிக்கை கேட்டு வாங்குங்கள். இங்கே மாதிரி எடுத்துத் தோற்றால் வரிச் சலுகை உங்களைக் காப்பாற்றாது.

பணம் அனுப்புவது முன்பைவிட எளிது. 2022-இல் இலங்கை டாலருக்குத் தவித்த நேரத்தில் இந்தியா எரிபொருளுக்கும் உணவுக்கும் மருந்துக்குமாகக் கடனும் அவகாசமுமாகச் சுமார் 400 கோடி டாலர் அளவுக்குக் கைகொடுத்தது. இரு நாட்டு வியாபாரத்தை இந்திய ரூபாயிலேயே முடிக்கலாம் என்ற பேச்சு சூடு பிடித்ததும் அந்த நெருக்கடியில்தான். ரூபாயில் இன்வாய்ஸ் போட ஏற்றுமதியாளரின் வங்கி தயாரா என்று கேளுங்கள். தயார் என்றால் டாலர் ஏற்ற இறக்கம் உங்கள் தலையில் விழாது. தயார் இல்லை என்றால் டாலரில் போய்விடுங்கள், அதற்காக நல்ல சரக்கை விடாதீர்கள்.

சரி, நாகப்பட்டினம் கப்பல். 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாளிலேயே நின்று, 2024 ஆகஸ்ட்டில் மறுபடி ஓட ஆரம்பித்த, யாழ்ப்பாணம் பக்கத்துக் காங்கேசன்துறைக்குப் போகிற கப்பலைச் சொல்கிறீர்கள். அது பயணிகள் கப்பல். வீட்டுச் சமையலுக்கு ஒரு பொட்டலம் கறுவா கொண்டுவருவது வேறு, விற்பதற்கு மூட்டை கொண்டுவருவது வேறு. வியாபாரச் சரக்கு பயணிகள் சாமானாக வந்தால் ஒப்பந்தச் சலுகை கிடையாது, பில் ஆஃப் என்ட்ரி என்கிற சுங்க இறக்குமதிப் பத்திரம் கிடையாது, ஐ.ஜி.எஸ்.டி. வரவும் எடுக்க முடியாது. பயணிபோல் போய்ச் சரக்கு கொண்டுவருகிற குருவி வேலை உங்களைப் போல் ஜி.எஸ்.டி. எண்ணோடு கடை நடத்துபவருக்கு ஒத்துவராது. கொஞ்சம்தான் வேண்டும் என்றால் முழு கன்டெய்னர் எடுக்க வேண்டியதில்லை. பலருடைய சரக்கைச் சேர்த்து அனுப்புகிற பங்கு கன்டெய்னரில் இடம் வாங்குங்கள். பட்டை எடை குறைவு, இடம் அதிகம் அடைக்கும். கூலி பருமனைப் பார்த்துப் போடுவார்கள், அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இலங்கைப் பட்டை, வரி போன பிறகும், காசியாவைவிடப் பல மடங்கு விலை. பிரியாணிக் கடைக்காரர் இதை வாங்கமாட்டார். அவருக்குக் காரமும் கனமும் உள்ள காசியாதான் வேண்டும். மென்மையான வாசனையைத் தேடுகிற பேக்கரி, டீத்தூள் கலப்பவர்கள், மூலிகை மருந்து செய்பவர்கள், கூமரின் (காசியாவில் அதிகம் இருக்கிற, மிகுந்தால் ஈரலுக்கு ஆகாத பொருள்) குறைவு என்று படித்துவிட்டுக் கேட்கிற ஆர்கானிக் கடைகள், இவர்கள்தான் உங்கள் ஆட்கள். மதுரையிலும் சென்னையிலும் அப்படி நான்கு பேரை முன்கூட்டியே பேசி வைக்காமல் வரவழைக்காதீர்கள்.

மாத்தறைக்காரர் அனுப்பிய விலைப் பட்டியலில் முதல் வரி அநேகமாக ‘ஆல்பா’ என்று இருக்கும். பென்சில்போல் மெல்லிய, ஆக உயர்ந்த தரம். அழகைப் பார்த்து அதைக் கேட்டுவிடாதீர்கள். கீழே சி5, சி4, அப்புறம் எம், எச் என்று தடிமன் கூடக்கூட விலை இறங்கும். அதற்கும் கீழே ‘குவிலிங்ஸ்’ என்று இருப்பது சுருள் கட்டும்போது உடைந்த துண்டுகள். ஏடு அதேதான், உருவம் மட்டும் இல்லை. அரைத்து விற்பவருக்கு அது போதும். சி4-இல் இருபத்தைந்து கிலோ, குவிலிங்ஸில் நூறு கிலோ என்று முதல் ஆர்டரைப் போடுங்கள்.