பலாவில் பிஞ்சு கறுத்து உதிர்கிறதா?

வணக்கம். ஒட்டுப்பலா வைத்து 5 வருடம் ஆகிறது, பிஞ்செல்லாம் கறுத்து உதிர்கிறது என்று கேட்டிருந்தீர்கள். நுனிக்கிளைகளில் விரல் நீளத்துக்கு வந்து விழுபவை பெரும்பாலும் பிஞ்சே அல்ல, ஆண் பூக்கள். மகரந்தம் கொட்டியதும் பூசணம் பிடித்து விழத்தான் செய்யும். காய்ப்புக்கு வரும் புதிதில் இதுதான் அதிகம். இதற்காக மருந்துக்கடைக்கு ஓட வேண்டாம்.

பெண் பூ அடிமரத்திலும் தடித்த கிளைகளிலும் பருத்த காம்போடு வரும். காம்பு சேரும் இடத்தில் வளையம் போல ஒரு விளிம்பு தெரியும். இந்தப் பெண் பூவும் அழுகினால்தான் கவலை. சரி, அப்படியென்றால் அழுகியதையும் கீழே கிடப்பதையும் பொறுக்கிப் புதைத்துவிடுங்கள். நெருக்கமான சிறுகிளைகளைக் கழித்துக் காற்றோட்டம் விடுங்கள். அப்புறம் 1 சதவீத போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூசண மருந்து) தெளிக்கலாம். அடியில் தண்ணீர் மட்டும் தேங்கவே கூடாது, பலா அதைத் தாங்காது.