வாசகர் கேள்வி – பதில்: மேடையில் அருவி ஏன் அருவியாக ஒலிப்பதில்லை?

கேள்வி: பள்ளி ஆண்டு விழா நாடகத்துக்காக ஒகேனக்கல் அருவியின் ஓசையைக் கைப்பேசியில் பதிவு செய்து ஒலிபெருக்கியில் விட்டோம். நிலையம் எடுக்காத வானொலி இரைவதுபோல் இருந்தது என்றார்கள் பார்த்தவர்கள். உண்மையான ஓசை ஏன் பொய்யாகப் படுகிறது?
– ஆசிரியை ஒருவர், பாலக்கோடு

பதில்: அவர்கள் காது தவறவில்லை. கொட்டும் நீரின் ஓசையில் தாழ்ந்த அதிர்வெண்களும் உயர்ந்தவையும் ஒழுங்கின்றிக் கலந்திருக்கின்றன. வானொலி இரைச்சலும் ஏறத்தாழ அப்படித்தான். அருவிக்கரையில் நிற்பவருக்குக் கண்முன் விழும் நீர், முகத்தில் படும் சாரல், நெஞ்சில் அதிரும் முழக்கம் ஆகியவை சேர்ந்தே அதை அருவியாக்குகின்றன. பேச்சுக்கென்று அமைந்த கைப்பேசியோ தாழ்ந்த முழக்கத்தைச் சரியாக வாங்குவதில்லை. எஞ்சியதையும் கூம்பு ஒலிபெருக்கி கைவிட்டுவிடுவதால் சீறல் மட்டுமே மிஞ்சுகிறது.

அடுத்த முறை, பரிசல் துடுப்பு நீரைத் தள்ளும் ஒலியையும் பாறையில் நீர் மோதும் ஒலியையும் அருகிலிருந்து தனித்தனியே பதிவு செய்து, இரைச்சலின் மேல் சேர்த்துப் பாருங்கள். சில விநாடிகள் உரக்க ஒலித்தபின், வசனம் தொடங்குமுன் தாழ்த்திவிடுங்கள். முதல் வசனத்தைப் பேசும் மாணவர் சற்றே கத்திப் பேசினால், பாதி அருவி அவர் தொண்டையிலிருந்தே வந்துவிடும்.

உண்மையான ஓசையைவிடக் காதை நம்பவைக்கும் ஓசையே மேடைக்கு வேண்டும் என்பதை வானொலி நாடகக்காரர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். மெல்லிய தகரத்தைத் தொங்கவிட்டு உலுக்கி இடியையும், கொட்டாங்குச்சிகளைத் தட்டிக் குதிரைக் குளம்பொலியையும், செலோஃபன் தாளைக் கசக்கித் தீயையும் உண்டாக்கினார்கள். அமெரிக்காவில் யுனிவர்சல் ஸ்டுடியோவின் ஜாக் ஃபோலி, பேசும் படம் வந்த புதிதில், 1929 வாக்கில், திரையைப் பார்த்தபடியே நடந்து காலடி ஓசைகளைப் பதிவு செய்தார். அம்முறை இன்றும் கைவிடப்படவில்லை.

கேள்வி: எங்கள் பக்கத்துப் பாரதக் கூத்தில் ஒலிப்பதிவே இல்லாமல் போர்க்களம் எப்படி உருவாகிறது?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: மிருதங்கக்காரரின் கண்ணால். அர்ச்சுனன் வேடக்காரர் அம்பை விடும் அதே நொடியில் விழும் அடி, அம்பின் ஓசையைச் சிறிதும் ஒத்திருப்பதில்லை. ஆனால் கையசைவும் அடியும் பிசகாமல் பொருந்துவதால் அம்பு பாய்ந்ததாகவே கூட்டம் கொள்கிறது. அதற்குமேல் சலங்கையும், முகவீணை என்னும் சிறு ஊதுகருவியும் விறுவிறுப்பை ஏற்றிவிடுகின்றன. கீபோர்டில் பதிந்த வெடியோசையை அவ்விடத்தில் சேர்ப்பது எனக்கு உடன்பாடில்லை: சத்தம் பெரிதாகிறதே தவிர, விசையை அழுத்துபவர் நடிகரின் கையைப் பார்க்காவிட்டால், அம்பு போய்ச் சேர்ந்த பிறகே வெடி கேட்கும்.