காப்பர்-டி பொருத்தும் முன் இரும்புச்சத்தைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 33. சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் வசிக்கிறேன், பாலர் பள்ளி ஆசிரியை. இரண்டாவது குழந்தைக்கு ஐந்து மாதம் ஆகிறது. தாய்ப்பால் மட்டுமே கொடுக்கிறேன். மாதவிடாய் இன்னும் திரும்பவில்லை. முன்பு கருத்தடை மாத்திரை சாப்பிட்டபோது தலைவலி பாடாய்ப்படுத்தியது. அதனால் ஹார்மோன் இல்லாத காப்பர்-டி (கருப்பைக்குள் வைக்கும் செம்புக் கருத்தடைச் சாதனம்) பொருத்திக்கொள்ள விரும்புகிறேன். எனக்கு மாதவிடாயில் எப்போதும் உதிரப்போக்கு அதிகம். ‘அது வயிற்றுக்குள் ஏறிவிடும்’ என்று மாமியார் பயப்படுகிறார். பொருத்திக்கொள்ளலாமா?

பதில்: பொருத்திக்கொள்ளலாம். ஆனால் முதலில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். உங்கள் கடிதத்தில் தலைவலியைவிட என்னை யோசிக்க வைத்தது, உதிரப்போக்கு அதிகம் என்று போகிற போக்கில் நீங்கள் எழுதிய வரிதான்.

காப்பர்-டி நம்பகமானது. அதிலிருந்து கசியும் செம்பு விந்தணுக்களைச் செயலிழக்கச் செய்து, அவை கருமுட்டையைச் சேராமல் தடுக்கிறது. பொருத்திய அன்றே பாதுகாப்பு தொடங்கிவிடும். நூறு பெண்கள் ஓராண்டு பயன்படுத்தினால் அவர்களில் கருத்தரிப்பவர் ஒருவருக்கும் குறைவு. தாய்ப்பாலுக்கு எந்தக் கெடுதலும் இல்லை. ஹார்மோன் கூடாது என்று அறிவுறுத்தப்பட்ட மார்பகப் புற்றுநோயாளிகளுக்கும் நாங்கள் இதையே பரிந்துரைக்கிறோம்.

இதில் உள்ள சிக்கல் உதிரப்போக்குதான். மாதவிடாய் உதிரம் பாதியளவு வரை கூடலாம், நாட்கள் நீளலாம், அடிவயிற்று வலியும் அதிகரிக்கலாம். பெரும்பாலோருக்கு மூன்று முதல் ஆறு மாதங்களில் இது தணிந்துவிடுகிறது. இயல்பாகவே அளவான உதிரப்போக்கு உள்ளவர் இதைச் சமாளித்துவிடுவார். முன்பே அதிகம் உள்ளவர், அதுவும் நாள் முழுவதும் பிள்ளைகளோடு நின்றுகொண்டே வேலை செய்பவர், சில மாதங்களில் சோர்ந்துபோய் அதை எடுத்துவிடச் சொல்லி வருகிறார். இப்போது மாதவிடாய் நின்றிருப்பதால் அந்தப் பழைய தொல்லை உங்களுக்கு மறந்திருக்கக்கூடும். மணிக்கொரு முறை அணையாடை மாற்றினீர்களா, உதிரம் கட்டிகட்டியாக வந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். அதை மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள்.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் அளவு மட்டும் போதாது, ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் மரபணு உள்ளவர்களுக்கும் ஹீமோகுளோபின் சற்றுக் குறைவாகவே இருக்கும். அதற்கு இரும்பு மாத்திரை தீர்வாகாது. உடலில் இரும்பு இருப்பு உண்மையிலேயே குறைந்திருக்கிறதா என்பதை ஃபெரிட்டின்தான் காட்டும். பிரசவமும் தாய்ப்பாலும் அடுத்தடுத்து வந்த உடம்பில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

இரும்பு குறைவாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். கூடவே, கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனத்தைப் பற்றியும் கேளுங்கள். அதன் ஹார்மோன் பெரும்பாலும் கருப்பைக்குள்ளேயே செயல்படுகிறது. உதிரப்போக்கை வெகுவாகக் குறைக்கிறது. வழக்கமான கூட்டு மாத்திரையில் இருக்கும் ஈஸ்ட்ரோஜன் இதில் கிடையாது. மாத்திரையால் வந்த தலைவலி இதிலும் வரும் என்று இப்போதே முடிவுகட்டாதீர்கள். உங்கள் நிலையில் நான் இரண்டையும் எடைபோட்டுப் பார்ப்பேன்.

மாமியாரின் பயத்தை ஒதுக்கிவிடாதீர்கள், அதில் உண்மை உண்டு. பொருத்தும்போது கருப்பைச் சுவரைத் துளைத்துவிடும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கு இருக்கிறது. தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கும் பிரசவமாகிச் சில மாதங்களே ஆனவர்களுக்கும் அது பல மடங்கு கூடுகிறது. அப்போதும் நூற்றில் ஒன்றைத் தாண்டுவதில்லை. இதற்காகத் திட்டத்தைக் கைவிட வேண்டியதில்லை. இதை அடிக்கடி பொருத்தும் மருத்துவரைத் தேர்ந்தெடுங்கள். ‘மாதம் எத்தனை பேருக்குப் பொருத்துகிறீர்கள்?’ என்று தயங்காமல் கேளுங்கள்.

முடிவைத் தள்ளிப்போடவும் வேண்டாம். முழுத் தாய்ப்பால் தரும் இயற்கைப் பாதுகாப்பை முதல் ஆறு மாதங்களுக்கு மட்டுமே, அதுவும் மாதவிடாய் திரும்பாதவரைதான் நம்பலாம். குழந்தைக்குக் கஞ்சி ஊட்டத் தொடங்கினால் அந்தக் கணக்கு செல்லாது. காப்பர்-டிக்காக மாதவிடாய் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை; கர்ப்பம் இல்லை என்று உறுதியானால் போதும். பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் பெற்று அரசு மருத்துவமனையின் மகளிர் பிரிவுக்குச் சென்றால் கட்டணச் சலுகை கிடைக்கும். தனியார் மருத்துவரிடம் போனால் சாதனம், ஆலோசனை, மறுபார்வை எல்லாம் சேர்ந்து மொத்தம் எவ்வளவு என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

விளங்காத ரத்தக்கசிவு, இடுப்புக்குழித் தொற்று, கருப்பையின் உள்வடிவத்தை மாற்றும் நார்க்கட்டி, உடலில் செம்பு தேங்கும் வில்சன் நோய், செம்பு ஒவ்வாமை ஆகியவற்றில் எது இருந்தாலும் சொல்லிவிடுங்கள். பொருத்தச் சில நிமிடங்களே ஆகும், ஆனால் சிலருக்கு நன்றாகவே வலிக்கும். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வதில் பெருமை எதுவும் இல்லை. மரத்துப்போகும் மருந்து கேளுங்கள். வெறும் வயிற்றோடு போகாதீர்கள்.

இருபதில் ஒருவருக்குச் சாதனம் தானாக வெளியேறிவிடும், பெரும்பாலும் முதல் சில மாதங்களில். மாதவிடாய் முடிந்ததும், சாதனத்தின் முனையிலிருந்து பிறப்புறுப்புக்குள் தொங்கும் நூல் கையில் தட்டுப்படுகிறதா என்று பாருங்கள். மாதவிடாய்க் கிண்ணம் பயன்படுத்துபவர்கள், அதை வெளியே எடுக்கும்போது நூல் இழுபடாமல் கவனமாக இருக்க வேண்டும். பால்வினை நோய்களிலிருந்து இது காக்காது. கர்ப்பமாகும் வாய்ப்பு அரிது. அப்படி ஆனால் கரு கருக்குழாயில் தங்கியிருக்கலாம். எனவே நாள் தள்ளிப்போய் ஒருபக்க வயிற்றுவலியும் மயக்கமும் வந்தால் நேரே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

சில வகைகள் ஐந்து ஆண்டுகள், சில பத்து ஆண்டுகள் வேலை செய்யும். உங்களுக்குப் பொருத்தியது எது, எந்த ஆண்டில் மாற்ற வேண்டும் என்பதை எழுதி வாங்கிக் கைப்பேசியிலும் பதிந்து வையுங்கள். எடுத்தபின் கருத்தரிக்கும் தன்மை விரைவில் திரும்பிவிடும். அதனால், குழந்தை வேண்டாம் என்ற நிலையில் எடுப்பதாக இருந்தால், அதற்கு ஏழு நாட்களுக்கு முன்பிருந்தே ஆணுறையைப் பயன்படுத்துங்கள்.